ஒப்பிடும் ஆங்கில வாக்கியங்கள்: 'தேன்' சொல்லுக்கு இரண்டு பக்கமும் என்ன வர வேண்டும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கில இலக்கணம் எடுக்கிறேன். 'இதை விட அது பெரிது' என்று ஒப்பிடும் வாக்கியங்கள் வருகிற வாரத்தில், போன குழு கேட்டதையே இந்தக் குழுவும் கேட்கும். ஒவ்வொரு முறையும் பலகையில் எழுதி அழிப்பதற்கு, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், வாய்விட்டுப் படிக்க வசதியாக இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இங்கே 'தேன்' என்று வந்தால் அது ஒப்பிடும் சொல், இட்லிப்பொடி பக்கத்தில் பாட்டிலில் இருப்பது அல்ல. 'தென்' என்று வந்தால் 'அப்புறம்' என்ற பொருள் தரும் சொல்.

பேரலல் ஸ்ட்ரக்சர், பேரலல் ஸ்ட்ரக்சர்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன மிஸ்?

தென் மாவட்டத்துக்காரர்கள் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். பெரிய மாட்டுக்குத் தனி ஓட்டம், சின்ன மாட்டுக்குத் தனி ஓட்டம், பூஞ்சிட்டு என்கிற இளம் மாட்டுக்குத் தனி ஓட்டம். பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி விரட்டினால் அதைப் பந்தயம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் 'தேன்' என்ற சொல்தான் அந்தக் கோடு. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே இனமாக நிற்க வேண்டும்.

இனம் என்பதில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, சொல்லின் வடிவம். 'ஸ்விம்மிங் இஸ் ஹார்டர் தேன் டு ரன்' என்பது தவறு. ஒரு பக்கம் 'இங்' இருந்தால் மறுபக்கமும் 'இங்': 'ஸ்விம்மிங் இஸ் ஹார்டர் தேன் ரன்னிங்'. இரண்டாவது, சொல் குறிக்கிற பொருள். சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும், சம்பளத்தை ஆளோடு ஒப்பிடக் கூடாது. வடிவப் பிழையை எல்லோரும் ஒரு வாரத்தில் பிடித்துவிடுகிறார்கள். பொருள் பிழையில்தான் மதிப்பெண் போகிறது. கீழே உள்ளவற்றில் பாதி அதைப் பற்றியதுதான்.

தேன், தென் ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது. எதை எங்க எழுதணும்?

ஒப்பிடுவதற்கு 'ஏ' எழுத்து உள்ளது, 'அப்புறம்' என்பதற்கு 'ஈ' எழுத்து உள்ளது. அவ்வளவுதான். குழம்புகிறோமே என்று வெட்கப்பட வேண்டாம். இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை. 1700 வாக்கில்தான் எழுத்துக்கூட்டல் இன்றைக்கு இருக்கிற மாதிரி இரண்டாகப் பிரிந்து நிலைத்தது. ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களும் அவசரத்தில் மாற்றி எழுதுகிறார்கள்.

மோர் பெட்டர்னு சொன்னா ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?

'பெட்டர்' என்பதிலேயே 'இன்னும்' இருக்கிறது. 'மோர்' சேர்த்தால் 'இன்னும் இன்னும் நல்லது' என்று ஆகிவிடும். ஷேக்ஸ்பியர் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் இதே மாதிரி இரட்டையாகப் போட்டு, 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட் கட்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது பிழையாகக் கருதப்படவில்லை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் 'மச் பெட்டர்' சரி. 'ரொம்ப' என்பதற்கு 'மச்' போடுங்கள்.

தமிழ்ல இந்தத் தொல்லையே இல்லையே மிஸ், இங்கிலீஷ்ல மட்டும் ஏன்?

தமிழிலும் இருக்கிறது, நாம் கண்டுகொள்வதில்லை. 'ஊட்டி குளிர் சென்னையை விட அதிகம்' என்று சொல்கிறோம். யோசித்துப் பார்த்தால் குளிரை ஒரு ஊரோடு ஒப்பிட்டிருக்கிறோம். ஆனால் கேட்கிறவர் 'சென்னைக் குளிரை' என்று தானே நிரப்பிக்கொள்கிறார். 'எங்க அம்மா சமையல் ஹோட்டலை விட நல்லா இருக்கும்' என்றால் ஹோட்டல் கட்டடத்தையா சொன்னாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. 'விட' என்ற சொல்லே 'விடு' என்பதிலிருந்து வந்தது. எதையோ ஓரமாக விட்டுவிட்டு இதைப் பார் என்கிறது. எதை விடுவது என்பதில் அது அவ்வளவு கறார் காட்டுவதில்லை.

பழைய தமிழில் இந்த வேலையை ஐந்தாம் வேற்றுமை செய்தது. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் நான்கு பொருள்களில் 'ஒப்பு' ஒன்று. 'மலையினும் மாணப் பெரிது' என்ற குறளில் வருகிற 'இன்' அதுதான். அந்தக் குறளிலேயே, அடக்கமானவனின் 'தோற்றம்' மலையை விடப் பெரிது என்றுதான் இருக்கிறது, மலையின் தோற்றத்தை விட என்று இல்லை. படிக்கிற நமக்கு ஒரு குறையும் தெரிவதில்லை.

எழுத்து ஆங்கிலம் அப்படி நிரப்பிக்கொள்ள விடாது. எழுதியதை எழுதியபடியே படித்து, 'குளிரும் ஊரும் ஒரே இனமா?' என்று கேட்கும். தமிழில் யோசித்து, 'விட' இருந்த இடத்தில் 'தேன்' போட்டு எழுதினால் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சரி, தட் ஆஃப், தோஸ் ஆஃப் எப்ப எதைப் போடணும்?

திரும்பச் சொல்ல வேண்டிய சொல் ஒருமையா பன்மையா என்று பாருங்கள். 2011 கணக்கெடுப்புப்படி கேரளத்தில் எழுத்தறிவு 94 விழுக்காடு, தமிழ்நாட்டில் சுமார் 80. இதை 'தி லிட்டரசி ரேட் ஆஃப் கேரளா இஸ் ஹையர் தேன் தமிழ்நாடு' என்று எழுதினால் ஒரு விகிதம் ஒரு மாநிலத்தோடு மோதுகிறது. 'தேன் தட் ஆஃப் தமிழ்நாடு' என்றால் சரி. 'தட்' என்பது 'ரேட்' என்ற ஒருமைச் சொல்லுக்காக நிற்கிறது. 'தி ரோட்ஸ் ஆஃப் சென்னை ஆர் வைடர் தேன் தோஸ் ஆஃப் மதுரை' என்பதில் 'ரோட்ஸ்' பன்மை, அதனால் 'தோஸ்'. தண்ணீர், மணல், வருமானம் மாதிரி எண்ண முடியாதவை ஒருமைக் கணக்கில் வரும், அவற்றுக்கு 'தட்'.

இன்னொரு வழி, 'உடைய' என்பதற்கு வரும் அபாஸ்ட்ரஃபி குறியும் 'எஸ்'ஸும். 'கேரளாஸ் லிட்டரசி ரேட் இஸ் ஹையர் தேன் தமிழ்நாடூஸ்.' கச்சிதமாக முடிந்துவிடும். ஆனால் இரண்டு வழியையும் ஒன்றாகப் போட்டு 'தேன் தட் ஆஃப் தமிழ்நாடூஸ்' என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் நாலு பேராவது இருப்பார்கள். 'தமிழ்நாட்டினுடையதினுடைய' என்று சொன்ன மாதிரி. 'ஆஃப்' வந்துவிட்டால் 'எஸ்' வேண்டாம்.

தட் ஆஃப் போட்டு எழுதினா ஏதோ கோர்ட் தீர்ப்பு மாதிரி இருக்கே?

இருக்கும். அதனால்தான் அதை முதல் மருந்தாகக் கொடுக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒரு வரி: 'மை எக்ஸ்பீரியன்ஸ் இஸ் மோர் தேன் அதர் கேண்டிடேட்ஸ்.' அனுபவமும் ஆட்களும் ஒரே கோட்டில். நான் சிவப்புப் பேனாவால் 'தட் ஆஃப்' என்று செருகினேன். 'மை எக்ஸ்பீரியன்ஸ் இஸ் மோர் தேன் தட் ஆஃப் அதர் கேண்டிடேட்ஸ்.' இலக்கணம் சரி. ஆனால் படித்துப் பார்த்தால் மரத்தூள் மென்ற மாதிரி இருந்தது. அவரும் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் எழுவாயையே மாற்றினோம்: 'ஐ ஹேவ் மோர் எக்ஸ்பீரியன்ஸ் தேன் தி அதர் கேண்டிடேட்ஸ்.' இப்போது 'நான்' ஒரு பக்கம், 'மற்றவர்கள்' மறுபக்கம். ஆளுக்கு ஆள் சரியாகிவிட்டது, 'தட் ஆஃப்' தேவைப்படவே இல்லை. அந்த வரியே வேண்டாம், மற்றவர்களுடைய அனுபவம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் சொன்னது தனிக் கதை.

தேர்வில் கொடுத்த வாக்கியத்தை மாற்ற முடியாது, அங்கே 'தட் ஆஃப்' தேவை. நீங்களே எழுதும்போது, ஒப்பிடுகிற ஆட்களை அல்லது ஊர்களை எழுவாயாக வைத்துத் தொடங்கினால் பாதிச் சிக்கல் வராது.

எதுவும் போடாம வெறும் ஊர்ப் பேரை எழுதினா குடியா முழுகிடும்? புரியுதில்ல?

பேச்சில் ஒன்றும் முழுகாது. ஆங்கிலேயர்களே பேசும்போது அப்படித்தான் விழுங்குகிறார்கள். எழுத்தில் சில இடத்தில் பொருளே மாறிவிடும். 'மை டாக் இஸ் ஸ்மார்ட்டர் தேன் மை பிரதர்' என்று எழுதினால், தம்பியின் நாயை விட என் நாய் கெட்டிக்காரன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எழுதியிருப்பது, தம்பியை விட நாய் கெட்டிக்காரன் என்று. நாய்க்கும் தம்பிக்கும் கெட்டிக்காரத்தனம் இருக்கலாம் என்பதால் படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது, அப்படியே நம்பிவிடுவார். 'மை பிரதர்ஸ்' என்று ஒரு 'எஸ்' சேர்த்தால் தம்பி தப்பித்தான்.

ஹீ இஸ் ஓல்டர் தேன் ஐ-யா, தேன் மீ-யா? ஸ்கூல்ல ஐ-ன்னு சொன்னாங்க, எல்லாரும் மீ-ன்னு பேசுறாங்க.

பள்ளியில் சொன்னதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. ராபர்ட் லௌத் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1762-ல் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். 'தேன்' சொல்லுக்குப் பிறகு வரும் பெயரின் வடிவத்தைத் தீர்மானிப்பது 'தேன்' அல்ல, அங்கே மறைந்து நிற்கும் வினைச்சொல் என்றார் அவர். 'ஹீ இஸ் ஓல்டர் தேன் ஐ' என்றால் பின்னால் ஒரு 'ஆம்' மறைந்திருக்கிறது, அதனால் 'ஐ'. பள்ளி இலக்கணம் இன்றும் அந்த வழியில்தான் போகிறது.

ஆனால் மக்கள் 'தேன்' சொல்லை 'டு', 'ஃபார்' மாதிரி ஒரு முன்னிடைச்சொல்லாக நினைத்து, 'மீ' என்று பல நூற்றாண்டாகச் சொல்லிவருகிறார்கள். இன்றைய அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. என் யோசனை: தேர்வில் 'ஐ', பேச்சில் 'மீ'. இரண்டிலும் மாட்டாமல் போக வேண்டுமா, மறைந்ததை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்: 'ஹீ இஸ் ஓல்டர் தேன் ஐ ஆம்', 'ஷி ரன்ஸ் ஃபாஸ்டர் தேன் ஐ டூ'. யாரும் குறை சொல்ல முடியாது.

அப்ப ரெண்டும் சரின்னா எதையாவது எழுதிட்டுப் போயிடலாமா?

எல்லா இடத்திலும் முடியாது. 'ஐ டிரஸ்ட் யூ மோர் தேன் ஹிம்' என்றால் நான் அவனை நம்புவதை விட உன்னை அதிகம் நம்புகிறேன். 'ஐ டிரஸ்ட் யூ மோர் தேன் ஹீ' என்றால் அவன் உன்னை நம்புவதை விட நான் உன்னை அதிகம் நம்புகிறேன். ஒரு சின்னச் சொல்லில் குடும்பமே பிரிந்துவிடும்.

இதில் வேடிக்கை, தமிழ் நமக்கு உதவி செய்யாது. 'அவனை விட நான் உன்னை அதிகம் நம்புகிறேன்.' இதைச் சத்தமாகப் படியுங்கள். இரண்டு பொருளும் வருகிறதா? 'விட' எப்போதும் ('அவனை' என்பதில் வருகிற) 'ஐ' வேற்றுமை உருபையே கேட்கும் என்பதால், அவன் நம்புகிறவனா நம்பப்படுகிறவனா என்பது அழிந்துபோகிறது. தமிழில் குரலை ஏற்றி இறக்கிச் சமாளிப்போம். ஆங்கிலத்தில் எழுதும்போது வினையைச் சேர்த்துவிடுங்கள்: 'மோர் தேன் ஹீ டஸ்' அல்லது 'மோர் தேன் ஐ டிரஸ்ட் ஹிம்'. 'தேன் ஹீ' என்று மொட்டையாக விட்டால் இலக்கணம் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும், மற்றவர்கள் தவறாகவே படிப்பார்கள்.

எனி போடணுமா, எனி அதர் போடணுமா? இது எனக்கு வரவே மாட்டேங்குது.

மலையேறிக் கற்றுக்கொள்வோம். தமிழ்நாட்டின் உயரமான சிகரம் நீலகிரியில் உள்ள தொட்டபெட்டா, 2,637 மீட்டர். 'தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு' என்று எழுதினால், தமிழ்நாட்டின் எந்தச் சிகரத்தை விடவும் உயரம் என்று ஆகிறது. தொட்டபெட்டாவும் தமிழ்நாட்டுச் சிகரம்தானே? அப்படியானால் அது தன்னை விடத் தானே உயரம் என்று சொல்லிவிட்டீர்கள். 'எனி அதர் பீக்' என்றால் அது தன்னை விலக்கிக்கொள்கிறது.

இப்போது பக்கத்தில் கேரளத்துக்குள் போங்கள். அங்கே ஆனைமுடி, 2,695 மீட்டர். 'ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு.' இது சரி! ஆனைமுடி தமிழ்நாட்டில் இல்லை, தன்னை விலக்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே 'எனி அதர்' போட்டால்தான் தவறு. ஆனைமுடியைத் தமிழ்நாட்டோடு இணைத்த குற்றம் வேறு வரும். அதே ஆனைமுடியைத் தென்னிந்தியாவுக்குள் வைத்துச் சொன்னால் மறுபடி 'எனி அதர் பீக் இன் சவுத் இந்தியா'. எவரெஸ்ட் நேபாள-திபெத் எல்லையில் இருக்கிறது. ஆகவே 'எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி மவுண்டன் இன் இந்தியா' சரி. உலகம் என்று வந்தால் 'எனி அதர் மவுண்டன் இன் தி வேர்ல்டு'. இந்த இடத்தில் இலக்கணத்தோடு கொஞ்சம் புவியியலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்களுக்கு 'எனிஒன் எல்ஸ்'. 'ஷி இஸ் யங்கர் தேன் எனிஒன் எல்ஸ் இன் ஹர் ஆபீஸ்.' ஆனால் 'தி' போட்டு 'ஹையஸ்ட்' என்று உச்சத்தைச் சொல்லும்போது கதை தலைகீழ். உச்சம் என்பது கூட்டத்துக்குள் நின்று பெறுவது, அதனால் 'தி ஹையஸ்ட் ஆஃப் ஆல் பீக்ஸ்' என்று வரும். 'தி ஹையஸ்ட் ஆஃப் எனி அதர் பீக்' என்று எழுதக் கூடாது.

நோ அதர், வெரி ஃப்யூ-ன்னு மனப்பாடம் பண்ணோமே, அதுவும் இதுதானா?

இதேதான். 'நோ அதர் சிட்டி இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் பிக் ஆஸ் சென்னை', 'சென்னை இஸ் பிக்கர் தேன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு', 'சென்னை இஸ் தி பிக்கஸ்ட் சிட்டி இன் தமிழ்நாடு' என்று மூன்று வரியை மந்திரம் மாதிரி ஒப்பித்திருப்பீர்கள். முதல் இரண்டிலும் 'அதர்' ஏன் வருகிறது, மூன்றாவதில் ஏன் வரவில்லை என்பதற்கு முந்தின பதிலே விளக்கம். மதிப்பெண் எடுத்தவர்கள் பலருக்கு அந்தக் காரணத்தை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆஸ் குட் ஆஸ், பெட்டர் தேன் ரெண்டையும் ஒரே வாக்கியத்துல எப்படி மிஸ் வைக்கிறது?

'ஹெர் ஸ்கோர் இஸ் ஆஸ் குட், இஃப் நாட் பெட்டர் தேன், மைன்.' தேர்வில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. நடுவில் உள்ள 'இஃப் நாட் பெட்டர் தேன்' என்பதைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். 'ஹெர் ஸ்கோர் இஸ் ஆஸ் குட் மைன்.' கால் உடைந்துவிட்டது, இல்லையா? 'ஆஸ்' தொடங்கினால் இன்னொரு 'ஆஸ்' வந்தே ஆக வேண்டும்: 'ஆஸ் குட் ஆஸ், இஃப் நாட் பெட்டர் தேன், மைன்'. பேசினால் மூச்சு வாங்கும். 'ஹெர் ஸ்கோர் இஸ் ஆஸ் குட் ஆஸ் மைன், இஃப் நாட் பெட்டர்' என்று வாலைக் கடைசியில் விடுவதுதான் அழகு. கடைசியில் 'மீ' இல்லாமல் 'மைன்' இருப்பதையும் கவனியுங்கள். மதிப்பெண்ணுக்கு எதிரில் மதிப்பெண்தான் நிற்கிறது.

சீனியர், ஜூனியர், ப்ரிஃபர் வந்தா மட்டும் தேன் ஏன் வராது?

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. லத்தீனில் அவையே ஒப்பிடும் வடிவங்கள்; 'சீனியர்' என்றாலே 'இன்னும் மூத்த' என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் இவற்றோடு 'டு' வரும்: 'ஷி இஸ் சீனியர் டு மீ'. 'மோர் சுப்பீரியர்' என்பது 'மோர் பெட்டர்' கேள்வியிலேயே அடிபட்டுவிட்டது.

'ப்ரிஃபர்' வினைச்சொல். 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி' என்பதில் 'டு'வே தேன் வேலையைச் செய்கிறது. அதனால் பந்தய விதி அதற்கும் உண்டு: 'ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டேக்கிங் தி பஸ்', இரண்டு பக்கமும் 'இங்'. 'ஐ ப்ரிஃபர் டு வாக்' என்று தொடங்கிவிட்டால் இன்னொரு 'டு' போட்டால் நாக்கு சிக்கும். அங்கே மட்டும் 'ராதர் தேன் டேக் தி பஸ்' என்று போவார்கள்.

தி மோர்... தி மோர்... இதுல எதுக்கு ரெண்டு தி?

தமிழில் 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' என்கிறோம். சொல்லை இரட்டித்து, ஒன்று கூடக் கூட இன்னொன்றும் கூடும் என்று காட்டிவிடுகிறோம். ஆங்கிலம் அதற்கு 'தி' ஒன்றை முன்பாதியிலும் இன்னொன்றைப் பின்பாதியிலும் நடுகிறது: 'தி மோர் யூ ரீட், தி மோர் யூ நோ.' இந்த 'தி' ஒரு பெயரைச் சுட்டுகிற வழக்கமான 'தி' அல்ல. 'எவ்வளவுக்கு, அவ்வளவுக்கு' என்ற பொருளில் நின்ற பழைய வேற்றுமை வடிவத்தின் மிச்சம்.

நம்மவர்கள் வழுக்குவது பின்பாதியில். 'தி மோர் யூ பிராக்டிஸ், யுவர் இங்கிலீஷ் வில் பிகம் பெட்டர்' என்று எழுதுவார்கள். முதல் பாதியில் 'தி மோர்' என்று நட்டால் இரண்டாம் பாதியும் 'தி' என்று தொடங்க வேண்டும்: 'தி பெட்டர் யுவர் இங்கிலீஷ் வில் பிகம்.'

த்ரீ டைம்ஸ் மோர் சரியா, த்ரீ டைம்ஸ் ஆஸ் மச் சரியா?

பத்து ரூபாய் வடை ஒரு கடையில், 'மூன்று மடங்கு அதிக' விலையில் இன்னொரு கடையில். முப்பதா, நாற்பதா? பெரும்பாலானவர்கள் முப்பது என்பார்கள். கணக்கு வாத்தியார் பத்தோடு முப்பது கூடுதல், ஆக நாற்பது என்பார். 'த்ரீ டைம்ஸ் மோர் தேன்' என்பதிலும் இதே வம்பு. 'த்ரீ டைம்ஸ் ஆஸ் மச் ஆஸ்' என்றால் முப்பதுதான், சண்டை கிடையாது.

அன்லைக் வாக்கியத்துல தேன் இல்லையே, அதுலயும் தப்பு போடுறாங்களே?

ஒப்பிடுதல் எங்கே நடந்தாலும் விதி அங்கே வரும். 'அன்லைக் சென்னை, தி வெதர் இன் ஊட்டி இஸ் கூல்' என்பதில் காற்புள்ளியைத் தாண்டியதும் நிற்பது 'வெதர்'. ஒரு ஊரும் ஒரு வானிலையும் மோதுகின்றன. விண்ணப்பக் கடிதத்தில் செய்த வைத்தியம்தான்: 'அன்லைக் சென்னை, ஊட்டி இஸ் கூல்.' 'கம்பேர்ட் டு', 'லைக்' என்று தொடங்கும் வாக்கியங்களுக்கும் இதே கதி. காற்புள்ளிக்கு முன்னால் என்ன, பின்னால் முதலில் வருவது என்ன என்று மட்டும் பாருங்கள்.

எக்ஸாம்ல அரை நிமிஷம்தான் இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

'தேன்' அல்லது 'ஆஸ்' கண்ணில் பட்டதும் அதன் வலது பக்கம் உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இடது பக்கம் போய், வாக்கியத்தின் தலைச்சொல்லை, அதாவது உண்மையில் ஒப்பிடப்படுகிற சொல்லைத் தேடுங்கள். பக்கத்தில் இருக்கும் சொல்லைத் தலைச்சொல் என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். 'தி மார்க்ஸ் ஸ்கோர்ட் பை தி கேர்ள்ஸ் இன் திஸ் ஸ்கூல் ஆர் ஹையர் தேன் தி பாய்ஸ்.' நடுவில் 'கேர்ள்ஸ்' இருப்பதால், கேர்ள்ஸுக்கு எதிரில் பாய்ஸ், ஜோடி சரி என்று தோன்றும். தலைச்சொல் 'மார்க்ஸ்'. 'தேன் தோஸ் ஸ்கோர்ட் பை தி பாய்ஸ்' என்றுதான் வர வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர் வேண்டுமென்றே நடுவில் அந்தப் போலி ஜோடியை வைப்பார்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் இந்த வகை வந்துகொண்டுதான் இருக்கிறது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு இதற்குப் பேர்போனதாக இருந்தது. 2023-ல் வந்த புதிய வடிவத்தில் வாக்கியம் திருத்தும் பகுதியையே எடுத்துவிட்டார்கள். பழைய ஜிமேட் புத்தகம் கிடைத்தால் பயிற்சிக்கு வாங்கிப் போடுங்கள், விலையும் இறங்கியிருக்கும்.

இப்ப எல்லா இடத்துலயும் தட் ஆஃப் போட ஆரம்பிச்சிட்டேன் மிஸ். நோ எரர் வாக்கியத்தையும் தப்புன்னு குறிச்சிடுறேன். என்ன பண்றது?

இது அடுத்த கட்ட வியாதி. இந்த வாரம் முடியும்போது பாதிப் பேருக்கு வந்துவிடும். 'இட் ரெயின்ஸ் மோர் இன் சிரபுஞ்சி தேன் இன் சென்னை.' போன குழுவில் பதினோரு பேர் இதைத் திருத்தி 'தேன் தட் ஆஃப் சென்னை' என்று எழுதினார்கள். 'தட்' எதற்காக நிற்கிறது என்று கேட்டேன். 'ரெயின்' என்றார்கள். வாக்கியத்தில் 'ரெயின்' என்ற பெயர்ச்சொல்லே இல்லை, 'ரெயின்ஸ்' என்பது வினை. இங்கே ஒப்பிடப்படுவது இடம்: ஒரு பக்கம் 'இன் சிரபுஞ்சி', மறுபக்கம் 'இன் சென்னை'. 'இன்'னுக்கு 'இன்' சரியாக நிற்கிறது. நோ எரர் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.